சக்கரத்துப் பேரிங்கை அடித்து ஏற்றாதீர்கள்

வேலூரில் எங்களுடையது மோட்டார் ரிவைண்டிங் கடை. தண்ணீர் மோட்டார், கிரைண்டர், ஃபேன், இவைதான் அன்றாட வேலை. ஆனால் பேரிங் என்றதும் எங்கள் ஞாபகம் வந்துவிடுகிறது போல, சத்துவாச்சாரி, காட்பாடி பக்கத்துப் பெற்றோர் பிள்ளைகளின் ஸ்கேட்போர்டையும் ஸ்கேட்டிங் ஷூவையும் தூக்கிக்கொண்டு வருகிறார்கள், "பேரிங் போயிடுச்சுண்ணா, நல்லதா ஒரு செட் போட்டுக் குடுங்க" என்று. கழற்றிப் பார்த்தால் ஓடித் தேய்ந்துபோன பேரிங் குறைவு. மாட்டும்போது சுத்தியலால் வாங்கிய அடியில் கெட்டதுதான் அதிகம். புது செட்டையும் வீட்டில் அதே மாதிரி அடித்து ஏற்றினால் அதுவும் சீக்கிரம் கரகரக்கத்தான் செய்யும். பிள்ளை வேகமாகப் போகும்போது ஒரு சக்கரம் மட்டும் பிடித்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

முதலில் அளவு. பேரிங்கின் மேல் 608 என்று போட்டிருக்கும்: உள் ஓட்டை 8 மி.மீ., வெளி விட்டம் 22 மி.மீ., தடிமன் 7 மி.மீ. சக்கரத்துக்கு இரண்டு வீதம் ஒரு போர்டுக்கு எட்டு. ஒரே வரிசையில் சக்கரம் இருக்கும் இன்லைன் ஷூவிலும் பெரும்பாலும் இதேதான். பக்கத்துக்கு இரண்டாக நாலு சக்கரம் இருக்கும் ரோலர் ஷூ சிலவற்றில் மட்டும் ஆக்சில், அதாவது சக்கரம் மாட்டும் தண்டு, 7 மி.மீ. இருக்கும், அதற்கு 627 வேண்டும். வெளி அளவு இரண்டுக்கும் ஒன்றேதான், அதனால் 608ஐ வாங்கி வந்தால் சக்கரத்தில் கச்சிதமாக உட்கார்ந்துவிடும், ஆக்சிலில் போட்ட பிறகுதான் ஆடும். கடைக்குப் போகும்போது பழைய பேரிங்கைக் கையில் எடுத்துப் போங்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பேரிங்கில் உள் வளையம், வெளி வளையம், நடுவில் குண்டுகள். எந்த வளையம் இறுக்கமாக உட்காருகிறதோ அந்த வளையத்தில்தான் அழுத்த வேண்டும், இது எங்கள் தொழிலில் முதல் நாளே சொல்லிக் கொடுப்பது. மோட்டாரில் இறுக்கம் ஷாஃப்டின் மேல் இருக்கும், அதனால் உள் வளையத்தில் குழாயை வைத்து இறக்குவோம். ஸ்கேட்டிங் சக்கரத்தில் கதை தலைகீழ். ஆக்சில் உள் வளையத்தில் கையாலேயே நுழைந்துவிடும், சக்கரத்தின் குழியைப் பிடித்துக்கொண்டிருப்பது வெளி வளையம். ஆக, அழுத்தம் வெளி வளையத்தில் விழ வேண்டும். மோட்டார் வேலையில் பழகிய கைகூட இந்த இடத்தில் தப்புச் செய்யும், என் கடைப் பையன்களுக்கே இதைத் தனியாகச் சொல்லித்தான் வைத்திருக்கிறேன்.

உள் வளையத்தில் ஒரு போல்டை வைத்து மேலே சுத்தியலால் போட்டால், அந்த அடி முழுவதும் குண்டுகள் வழியாகத்தான் வெளி வளையத்துக்குப் போக வேண்டும். நின்ற நிலையில் 608 தாங்கும் சுமை ஏறக்குறைய 140 கிலோ, அதுவும் பக்கவாட்டில் இல்லாமல் நேராக ஆக்சில் மேல் வரும் சுமை. சுத்தியலின் ஒரே அடி கண்ணிமைக்கும் நேரத்தில் அதைத் தாண்டிவிடும். அப்படிக் கெட்ட பேரிங் ஒன்றின் ரப்பர் மூடியைத் தூக்கி, உள்ளே துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், குண்டு ஓடும் தடத்தில் சின்னச் சின்னதாக மங்கிய புள்ளிகள் தெரியும், அடியில் குண்டுகள் அழுத்திய குழிகள் அவை. ஒன்றுக்கொன்று ஒரே இடைவெளி, குண்டுகள் நின்றிருந்த அதே இடைவெளி. தேய்மானம் என்றால் தடம் முழுக்க ஒரே மாதிரி இருக்கும், இப்படிப் புள்ளி வைக்காது. கண்ணுக்குத் தெரியாத அளவு குழி என்றாலும் விரல் கண்டுபிடித்துவிடும். சுண்டுவிரல் நுனியை உள் வளையத்தில் அழுத்தி வைத்து மெல்லத் திருப்பினால் அங்கங்கே தட்டித் தட்டிப் போகும். வேகமாகச் சுண்டிவிட்டால் தெரியாது, மெல்லத் திருப்ப வேண்டும்.

இந்தக் குழி விழுந்த பிறகு எண்ணெய் விட்டு ஒரு பயனும் இல்லை. விலை கூடின 'ஏபெக் 9' பேரிங் போட்டால் சரியாகும் என்று நம்புகிறவர்கள் நிறைய. ஏபெக் எண் சொல்வது வளையங்களின் அளவும் சுழற்சியும் எவ்வளவு துல்லியம் என்பதை மட்டும்தான். இரும்பு எப்படிப்பட்டது, தூசியையும் அடியையும் எவ்வளவு தாங்கும் என்பதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. ஏபெக் 9ஐ அடித்து ஏற்றியவனைவிட, சாதாரணப் பேரிங்கை ஒழுங்காக ஏற்றியவன் நன்றாக ஓட்டுவான்.

சுத்தியல் விஷயத்தில் இன்னொன்று, இது பேரிங்கைவிட முக்கியம். பேரிங் இரும்பு ரொம்பக் கடினமாகப் பதம் போட்டது. அடித்தால் வளையாது, சில்லாகத் தெறிக்கும். அந்தச் சில்லு கண்ணுக்குப் போனால் பிறகு யோசித்துப் பயனில்லை. பிள்ளைகள் திண்ணையில் உட்கார்ந்து சுத்தியலால் தட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் வாங்கி வையுங்கள்.

சரி, எப்படிச் செய்வது? இதற்கென்றே கருவி விற்கிறார்கள், ஆன்லைனில் கிடைக்கும். கழற்றும் பக்கம் 8 மி.மீ. கம்பி மாதிரி இருக்கும், நுனியில் பிளவு. பேரிங் ஓட்டையில் நுழைத்தால் நுனி உள் வளையத்தின் பின்னால் விரிந்து பிடித்துக்கொள்ளும், அப்புறம் நேராக இழுக்க வேண்டியதுதான். கழற்றும்போது உள் வளையத்தைப் பிடித்துத்தான் ஆக வேண்டும், வெளி வளையத்தின் பின்பக்கம் சக்கரத்துக்குள் மறைந்திருக்கிறது. பரவாயில்லை, சக்கரம் பிளாஸ்டிக் வகை, பிடி அவ்வளவு கடுமையாக இருக்காது, மெதுவாக நேராக இழுத்தால் தடத்தில் குழி விழாது. இன்லைன் ஷூவோடு வரும் சின்னக் கருவி ஒரு பக்கத்திலிருந்து நடு ஸ்பேசரை, அதாவது இரண்டு பேரிங்குக்கும் நடுவில் இருக்கும் சின்னக் குழாயை, தள்ளி எதிர்ப்பக்கப் பேரிங்கை வெளியே எடுக்கும், அதுவும் நேரான தள்ளல்தான். வராமல் அடம் பிடித்தால் சக்கரத்தைப் பத்து நிமிடம் வெயிலில் வையுங்கள். நம்ம வேலூர் வெயில் போதும், அடுப்பிலோ நெருப்பிலோ காட்டி உருக்கிவிடாதீர்கள்.

கருவி இல்லாதவர்கள் சக்கரத்தை ஆக்சில் நுனியில் மாட்டிச் சாய்த்து நெம்புகிறார்கள். பேரிங் வந்துவிடும், அதை மறுக்கவில்லை. ஆனால் உள் வளையம் கோணலாகப் போய் மூடியை நெளிக்கிறது, நெளிந்த மூடி உரச ஆரம்பிக்கும், ஆக்சில் மரையும் அடி வாங்கும். அவசரத்துக்கு ஒரு முறை என்றால் சரி, வழக்கமாக வைத்துக்கொள்ளக் கூடாது.

மாட்டுவதற்கு நான் சொல்வது எம்8 போல்ட், 80 மி.மீ. நீளம், ஒரு நட், பெரிய வாஷர், கூடவே லேத்தில் கடைந்த ஒரு புஷ், குட்டைக் குழாய் மாதிரி இருக்கும். வேலூரிலும் ராணிப்பேட்டையிலும் லேத் பட்டறைக்கா பஞ்சம்? வெளி விட்டம் 21.5, உள் விட்டம் 19.5 என்று எழுதிக் கொடுத்தால் நைலானிலோ பித்தளையிலோ கடைந்து தருவார்கள். அந்த அளவில் புஷ்ஷின் விளிம்பு வெளி வளையத்தில் மட்டும்தான் உட்காரும், மூடியையும் உள் வளையத்தையும் தொடாது. பேரிங்கைக் குழியின் வாயில் நேராக வைத்து, மேலே புஷ், அதன் மேல் வாஷர், எதிர்ப்பக்கம் சக்கரத்தின் முகத்தில் பெரிய வாஷர். நட்டை ஸ்பேனரால் கால் சுற்று, கால் சுற்றாக இறுக்குங்கள். ஒரு பக்கம் சாய்ந்து போவது தெரிந்தால் தளர்த்தி நேராக்கிவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள். குழியின் அடியைத் தொட்டதும் ஸ்பேனர் சட்டென்று கனக்கும், அங்கேயே நிறுத்த வேண்டும். அதற்கு மேல் இறுக்கினால் சக்கரத்தின் நடுப்பகுதிதான் கெடும். இரண்டாவது பேரிங் போடும் முன் ஸ்பேசரை உள்ளே போட மறக்காதீர்கள். அது இல்லாமல் ஆக்சில் நட்டை இறுக்கினால் இரண்டு உள் வளையமும் ஒன்றை நோக்கி ஒன்று தள்ளப்பட்டு, ஒழுங்காக ஏற்றிய பேரிங்கும் பக்கவாட்டுச் சுமையில் கெட்டுப்போகும்.

கழுவுவது பற்றிக் கேட்கிறார்கள். பாலாற்று மணல் தூசி உள்ளே போனால் கழுவத்தான் வேண்டும். ரப்பர் மூடியை ஊசியால் உள் ஓரத்தில் தூக்கி எடுத்துவிட்டு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் அலசி, நன்றாகக் காய்ந்த பிறகு தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு. தின்னரும் பெட்ரோலும் ரப்பர் மூடியைக் கெடுக்கும், பிள்ளைகள் கையில் கொடுக்கும் பொருளும் இல்லை. காற்றடிக்கும் கன்னால் பேரிங்கைச் சுழற்றி விசில் சத்தம் வரவைப்பது பட்டறைகளில் ஒரு விளையாட்டு, தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். எண்ணெய் இல்லாமல் அந்த வேகத்தில் சுற்றினால் தடம் கீறிப்போகும், சிதறினால் கையையும் முகத்தையும் பதம் பார்க்கும்.

கடைசியாக ஆக்சில் நட். உள்ளே நைலான் வளையம் வைத்தது, பல முறை கழற்றி மாட்டினால் பிடி போய்விடும். கையாலேயே சுற்றி ஏற்ற முடிகிறது என்றால் அந்த நட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள், பேரிங் விலையோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை. இறுக்கிய பிறகு சக்கரம் துளி ஆட்டத்தோடு தாராளமாகச் சுற்ற வேண்டும். முதல் தடவை ஓட்டிவிட்டு வந்ததும் எல்லா நட்டையும் ஒருமுறை ஸ்பேனர் வைத்துப் பார்த்துவிடுங்கள்.