மாம்பலத்தில் ஏன் இவ்வளவு கூட்டம்?

தீபாவளிக்கு முன் ரங்கநாதன் தெருவில் நசுங்கித் திரும்பிய வாசகர் ஒருவர், "சென்னையில் இவ்வளவு இடம் இருக்க, எல்லோரும் ஏன் இந்தச் சந்துக்கே வருகிறார்கள்?" என்று கேட்டிருந்தார். விடை தெருவின் மேற்கு முனையில், மாம்பலம் ரயில் நிலையத்தில் இருக்கிறது.

போக அரை மணி, வர அரை மணி. அன்றாடப் பயணத்துக்கு மனிதர்கள் ஒதுக்கும் நேரம் எக்காலத்திலும் ஏறக்குறைய இவ்வளவுதான் என்றார் இத்தாலிய இயற்பியலாளர் சேசரே மார்க்கெட்டி. நடந்தால் அரை மணியில் இரண்டரை கிலோமீட்டர். ஜார்ஜ் டவுன் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்பது அதனால்தான்.

ராயபுரத்திலிருந்து 1856இலேயே ரயில் ஓடியதே? ஓடியது, நீராவியில். முழு வண்டியையும் இழுப்பவை எஞ்சினின் சில சக்கரங்கள் மட்டுமே. பிடிமானத்தை மீறி விசை கொடுத்தால் அவை வழுக்கிச் சுழலும். வேகமெடுக்கவே நேரம் பிடிக்கும் வண்டியை மைலுக்கு ஒருமுறை நிறுத்தினால் கட்டுப்படியாகாது.

1931இல் கடற்கரை–தாம்பரம் மீட்டர்கேஜ் பாதையில் மின்சார ரயில் வந்தது. இங்கே மோட்டார்கள் பயணிகள் பெட்டிக்கு அடியிலேயே இருக்கும். பெட்டியில் ஆள் ஏற ஏற இழுக்க வேண்டிய எடை கூடுகிறது. அதே எடை சக்கரத்தைத் தண்டவாளத்தில் அழுத்துவதால் பிடிமானமும் கூடுகிறது. பிதுங்கி வழியும் கூட்டமே வண்டிக்குப் பிடிப்பைத் தருகிறது! எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு அலுக்காத வேடிக்கை இது.

சட்டென்று கிளம்பும் வண்டிக்கு நெருக்கமாக நிலையங்கள் வைக்கலாம். இன்று சுமார் 29 கிலோமீட்டரில் 18 நிலையங்கள். சராசரி இடைவெளி 1.7 கிலோமீட்டர். ஒவ்வொன்றையும் சுற்றிப் பத்து நிமிட நடைக்கு, அதாவது 800 மீட்டருக்கு, வட்டம் போடுங்கள். வட்டத்தின் குறுக்களவு 1.6 கிலோமீட்டர். அடுத்தடுத்த வட்டங்கள் கிட்டத்தட்ட முட்டிக்கொள்கின்றன. எழும்பூரிலிருந்து தாம்பரம் வரை ஊர் இடைவெளியில்லாமல் நாடாபோல் நீண்டது இப்படித்தான். (வீடு வாங்கும்போது வாஸ்துவுக்குச் செலவழிப்பவர்கள் இந்த வட்டத்தையும் ஒருமுறை வரைந்து பார்க்கலாம்.)

மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் ரயிலுக்கு முன்பே நெரிந்த ஊர்கள். ரங்கநாதன் தெரு இருக்கும் தியாகராய நகருக்கு வாய்த்தது வேறு: 1920களில் நீண்ட ஏரியைத் தூர்த்துக் கிடைத்த வெற்று நிலம், தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே.

பறக்கும் ரயிலுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. பக்கிங்காம் கால்வாயை ஒட்டிப் போட்டதால் பல நிலையங்களில் வட்டத்தின் ஒரு பங்கைக் கால்வாயே வெட்டிவிடுகிறது. மிச்சப் பங்கில் நடக்கவாவது வழி செய்திருக்கலாம். மாளிகைபோல் நிலையம் கட்டக் கிடைத்த பணத்தில் கொஞ்சம் நடைபாதைக்கும் ஒதுக்கியிருந்தால் என்ன குறைந்திருக்கும் என்று, வேளச்சேரி வண்டியில் போகும்போதெல்லாம் எரிச்சலோடு நினைத்துக்கொள்கிறேன்.