அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா

சென்னை கெல்லீஸில் இருக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தில் சிறார்களுக்காக ஆஜராகும் வழக்கறிஞர் நான். புளியந்தோப்பு, வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, காசிமேடு என்று வடசென்னைப் பையன்களின் வழக்குக் கட்டுகள்தான் என் மேஜையில் அதிகம். ஒவ்வொரு கட்டிலும் நன்னடத்தை அலுவலர் தயாரித்த சமூக விசாரணை அறிக்கை இருக்கும். அதில் ‘பள்ளியை விட்ட காரணம்’ என்று ஒரு கட்டம். பெரும்பாலும் ‘படிப்பில் ஆர்வமின்மை’ என்று எழுதியிருக்கும். பையனைத் தனியாக உட்காரவைத்து, டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்துக் கேட்டால் வேறு பதில் வரும்.

“அப்பாவ இட்டுனு வான்னாங்க மேடம்.”

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியக் கூடாது என்பது சட்டம், அதனால் சிலதை மாற்றியிருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பு. அம்மா விடியற்காலை மூன்று மணிக்குக் காசிமேட்டுக்கு மீன் எடுக்கக் கிளம்பிவிடுவார். தங்கையை எழுப்பி, குளிக்கவைத்து, இரட்டைச் சடை பின்னி, அவள் பள்ளியில் விட்டுவிட்டு இவன் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டைத் தாண்ட வேண்டும். அந்தக் கேட்டில் நின்றவர்களுக்குத் தெரியும், கூட்ஸ் வண்டி வந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். பெட்டிகளுக்கு அடியில் குனிந்து புகுந்து போகிற பிள்ளைகளை நானே பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது முறை தாமதம். போதாக்குறைக்குக் காதோரம் கோடு போட்ட கட்டிங் வேறு. அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தால்தான் உள்ளே விடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். அப்பா வீட்டை விட்டுப் போய் இரண்டு வருஷம். அம்மா ஒரு நாள் மார்க்கெட்டுக்குப் போகாவிட்டால் அன்றைய வரும்படி போகும், கடன் கொடுத்த தண்டல்காரருக்குப் பதில் சொல்ல வேண்டும். அதனால் அம்மாவிடம் அவன் சொல்லவே இல்லை. பையை மாட்டிக்கொண்டு கிளம்பி, தண்டவாளத்தோரம் உட்கார்ந்து, மணி நாலானதும் வீட்டுக்குத் திரும்புவான். எட்டு நாள் இப்படியே ஓடியது.

ஒன்பதாம் நாள் ஏரியா அண்ணன் ஒருவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, மாமா என்று சொல்லிக்கொண்டு பள்ளிக்கு வந்தார். அவருக்கு நாற்காலி போட்டார்கள். சார் என்றார்கள். பையனை உள்ளே விட்டார்கள். மொத்தமே ஐந்து நிமிஷ வேலை. பையனுக்கு அந்த நாற்காலி இன்னும் மறக்கவில்லை. “அவருக்கு இன்னா மரியாதை தெரியுமா மேடம்!” என்றான். அந்த மாமாதான் ஒரு மாதம் கழித்து, “தம்பி, இந்தப் பொட்டலத்தைக் குடுத்துட்டு வாயேன்” என்றார். மறுக்க முடியுமா?

வடசென்னைப் பிள்ளைகளுக்கு ஒழுக்கம் இல்லை என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். தங்கைக்குச் சடை பின்னிவிட்டு வருவது எந்தக் கணக்கில் சேரும்? பாக்சிங் வாத்தியாரிடம் விடியற்காலையில் ஓடிப்போய் நிற்கிறவர்கள் இதே பையன்கள்தான். சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று குத்துச்சண்டைப் பரம்பரை சொல்லி வளர்ந்த ஊர் இது. 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா இந்தப் பக்கத்து ஆட்டோ ஓட்டுநரின் மகள். பாக்சிங், கேரம் கிளப்பிலும் திட்டு உண்டு, சில வாத்தியார்கள் கையும் நீளும். அதை நான் நல்லது என்று சொல்ல மாட்டேன். ஆனால் தப்பு செய்தவனை அங்கே வெளியே அனுப்பமாட்டார்கள். இன்னும் நாலு ரவுண்டு ஓடு என்பார்கள்.

பெரியவர்கள் பின்னி துணி மில் சங்கைப் பற்றிச் சொல்வார்கள். சங்கு ஊதினால் தெருவே எழுந்திருக்குமாம். 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் முளைத்ததே அந்த ஆலைத் தொழிலாளர்களை வைத்துத்தான். தொண்ணூறுகளில் மில் மூடியாயிற்று. ஒன்பது மணிக்கு ஒருவர் வேலைக்குக் கிளம்பி, மாதம் பிறந்தால் சம்பளக் கவரோடு வருவதைப் பார்த்தே வளராத பையனிடம், “நேரத்துக்கு வந்தால் நல்லா வருவே” என்றால் அவன் எதை வைத்து நம்புவான்? அவன் கண் முன்னால் மரியாதை கிடைப்பது வேறு இடத்தில். பேனர் அடித்துப் பட்டாக்கத்தியால் கேக் வெட்டுகிறவரைச் சுற்றித்தான் கூட்டம்.

வீட்டுப் பக்கமும் குற்றம் உண்டு. “கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்” என்று சொல்லி ஒப்படைக்கிற பழக்கம் நம்மை விட்டுப் போகவில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு அடியையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. அடி குறைந்திருக்கிறது, உண்மை. அந்த இடத்துக்குப் பள்ளி கேட்டுக்கு வெளியே நிறுத்துவது வந்திருக்கிறது. ஆசிரியர்களையும் முழுதாகக் குறை சொல்ல மனம் வரவில்லை. நாற்பது ஐம்பது பேரை வைத்துக்கொண்டு, அடிக்கவும் கூடாது என்றால் அவர்கள் கையில் மிச்சம் இருப்பது அந்தக் கதவுதான்.

எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு நீக்கக் கூடாது. இடையில் நின்றுபோன பிள்ளை திரும்பி வந்தால் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும், டி.சி. தாமதம் என்று திருப்பி அனுப்பக் கூடாது. இதெல்லாம் அதே சட்டத்தில் இருக்கிறது. சிக்கல் ஒன்பதாம் வகுப்பில். அங்கே சட்டத்தின் குடை மடங்கிவிடுகிறது, முதல் முறையாக ஃபெயிலும் வருகிறது. என்னிடம் வருகிற பையன்கள் பெரும்பாலும் அந்த வருஷத்தில் விழுந்தவர்கள். அப்படி நின்றுவிட்டாலும் பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம். எட்டு முடித்தவர்களுக்கு அரசு ஐ.டி.ஐ.யில் வெல்டர், வயர்மேன் போன்ற பிரிவுகள் இருக்கின்றன.

போலீஸ் வரை போய்விட்டால்? பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் லாக்கப்பில் வைக்கக் கூடாது, விலங்கு மாட்டக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். கொடுங்குற்றம் இல்லாத, பெரியவர்கள் யாரும் சேராத வழக்கு என்றால் எஃப்.ஐ.ஆர். போடவும் கூடாது. அவசரத்துக்கு 1098. தாய்மார்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது வயது ஆதாரம். பார்த்தால் பெரிய பையன் மாதிரி இருக்கிறான் என்று புழல் சிறைக்கு அனுப்பிவிட்டால், மீட்டு வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். பிறந்த தேதிக்குச் சட்டம் முதலில் பார்ப்பது பள்ளிச் சான்றிதழைத்தான். பள்ளியே வேண்டாம் என்று போனவனைக் காப்பாற்றுவதும் அந்தப் பள்ளிக் காகிதம்தான். அதன் ஜெராக்ஸ் ஒன்று வீட்டில் இருக்கட்டும், போட்டோ ஒன்று போனில் இருக்கட்டும்.

போன வாரம் அந்தப் பையனின் அம்மா போன் செய்தார். தங்கை இப்போது எட்டாம் வகுப்பு. “மேடம், அப்பாவ இட்டுனு வரச் சொல்லிக்கீறாங்க. நீ வரியா?” நான் போனால் இன்னொரு வெள்ளைச் சட்டை மாமா ஆகிவிடுவேன். அதனால், மார்க்கெட் முடித்துவிட்டுப் பதினோரு மணிக்கு வரட்டுமா என்று நீங்களே கேட்டுப் பாருங்கள் என்றேன். கேட்டிருக்கிறார். வாங்க என்றார்களாம்.

மறுநாள் மறுபடியும் போன். “மீன் கூடையோடவே போனேன் மேடம். சேர் போட்டாங்க.”