பெயரை மாற்றிவிட்டோம் என்று இனி என்னிடம் சொல்லாதீர்கள்

போன மாதம் ஒரு மாலை, அலுவலகத்தை மூடுகிற நேரத்தில் ஒரு பெரியவர் வந்தார். மகனுடைய செல்போனை என் மேசைமேல் வைத்து, "வக்கீலம்மா, பதினெட்டாவது நிமிடத்திலிருந்து பாருங்கள்" என்றார். அவர் பார்க்கவில்லை. எழுந்து வாசல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

நடந்த கொலைகளை நடித்துக் காட்டும் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி. வீட்டு முன்னறையில் தையல் கடை வைத்திருக்கும் இளம்பெண். கழுத்தில் அளவெடுக்கும் டேப். பச்சை இரும்புக் கேட், எதிரே ரேஷன் கடை. கேட்டைத் தட்டுகிறவன் தெரிந்தவன். அவள் அவனைப் பார்த்துச் சிரிக்கிறாள். பின்னணியில் காதல் இசை. இரண்டு காட்சி தள்ளி அவள் செத்துக் கிடக்கிறாள்.

அது அவருடைய மகள். கொலை நடந்து ஆறு வருடம் ஆகிறது. மஞ்சள் பையிலிருந்து தீர்ப்பு நகலை எடுத்துக் கொடுத்தார். அன்றிரவே முழுவதையும் படித்தேன். ஐந்து பவுன் சங்கிலிக்காக நடந்த கொலை என்று செஷன்ஸ் நீதிபதி தெளிவாக எழுதியிருக்கிறார். காதல் என்ற சொல் தீர்ப்பில் ஓரிடத்திலும் இல்லை. டேப் மட்டும் இருக்கிறது, போலீஸ் சம்பவ இடத்தைப் பார்த்துக் கண்டதை எழுதிவைக்கும் பார்வை மகஜரில். நிகழ்ச்சியை எழுதியவர்கள் அதை அங்கிருந்துதான் எடுத்திருக்க வேண்டும்.

"பெயர் வேறுதான் அம்மா. ஆனால் டேப் இருக்கிறதே. சாப்பிடும்போதுகூட அதைக் கழற்ற மாட்டாள். ஊரில் எல்லோருக்கும் தெரியும்" என்றார் பெரியவர். அவருடைய இளைய மகளைக் கட்டிக் கொடுத்த இடத்தில் இப்போது கேட்கிறார்களாம், அக்காவுக்கு அப்படி ஒரு பழக்கம் இருந்ததா என்று.

இந்த ஆண்டில் இப்படி என்னிடம் வந்த மூன்றாவது குடும்பம் இது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் மறுபக்கத்திலும் வேலை பார்க்கிறவள். தயாரிப்பு நிறுவனங்கள் ஸ்கிரிப்டை அனுப்பிச் சட்டச் சிக்கல் உண்டா என்று கேட்கும். நான் எதைக் கேட்டாலும் முதலில் வரும் பதில், "மேடம், பெயரையெல்லாம் மாற்றிவிட்டோம்." இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பொறுமை போய்விட்டது.

பெயரை மாற்றுவதால் யாருக்குப் பாதுகாப்பு? கோயம்புத்தூரில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு அந்தப் பெண் யாரென்று முன்பும் தெரியாது, இப்போதும் தெரியாது. அவரிடமிருந்து அந்தக் குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டிய தேவையே இல்லை. தெரிந்தவர்கள் தெருக்காரர்கள், சம்பந்தி வீட்டார், கூடப் படித்தவர்கள். அவர்களுக்குப் பெயர் எதற்கு? பச்சைக் கேட் போதும். சம்பவம் நடந்த கிழமை போதும். எந்த இடத்தில் மறைத்தாக வேண்டுமோ அந்த இடத்தில் மறைக்காமல், மறைக்கத் தேவையில்லாத இடத்தில் மறைத்துவிட்டு, கடமை முடிந்தது என்கிறீர்கள்.

இன்னொரு கெடுதலும் இருக்கிறது. பெயர் மாறியதும் எழுதுகிறவருக்குத் துணிச்சல் வந்துவிடுகிறது. கற்பனைப் பாத்திரம்தானே என்று ஒரு காதலைச் சேர்க்கிறார், ஒரு பொய்யைச் சேர்க்கிறார். தொடக்கத்திலோ 'உண்மைச் சம்பவம்' என்று கார்டு போடுகிறார். தெரு அந்தக் கார்டை நம்புகிறது. கற்பனை என்ற சலுகையும் உண்மை என்ற மரியாதையும் ஒரே கதைக்குக் கிடைக்க, அதற்கான விலையைச் செத்துப்போன பெண் கொடுக்கிறாள்.

பாலியல் வன்கொடுமை வழக்கு என்றால் சட்டமே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. நிபுன் சக்சேனா வழக்கில் 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், பெயரை மட்டுமல்ல, தொலைவிலிருந்துகூட அந்தப் பெண்ணை அடையாளம் காட்டக்கூடிய எந்த விவரத்தையும் வெளியிடக் கூடாது என்றது. இறந்துபோனவருக்கும் அது பொருந்தும். அடையாளத்தை வெளியிடுவது, பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 72இன்படி இரண்டு ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். குழந்தைகள் என்றால், பாலியல் குற்றங்களிலிருந்து அவர்களைக் காக்கும் போக்சோ சட்டம், இளைஞர் நீதிச் சட்டம் இரண்டும் சேர்ந்துகொள்ளும். நகைக்காகக் கொல்லப்பட்ட பெண்ணுக்கு இந்தக் கவசம் இல்லை. அவளுக்கு எழுதுகிறவரின் மனசாட்சி மட்டும்தான்.

அடுத்து வருவது, "கோர்ட் ரெக்கார்டில் உள்ளதுதானே, யாரைக் கேட்க வேண்டும்?" இதற்கு ஆட்டோ சங்கர் வழக்கைக் காட்டுவார்கள். 1994 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு அது. சங்கர் சிறையில் எழுதிய வாழ்க்கைக் கதையை நக்கீரன் இதழ் வெளியிடலாமா என்பது கேள்வி. பொது ஆவணங்களில் உள்ள அளவுக்கு அவருடைய சம்மதம் இல்லாமலே வெளியிடலாம் என்றது நீதிமன்றம். பாதிப் பேர் இங்கேயே புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். ஆவணத்தைத் தாண்டிப் போனால் அந்தரங்க உரிமையை மீறியதாகலாம், அதன் விளைவுகளுக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்று அதே தீர்ப்பு அடுத்த மூச்சில் சொல்கிறது. ஆறு கொலைகளுக்காகத் தூக்குத் தண்டனை பெற்றவருக்கே அந்த எல்லை உண்டு. தையல்காரப் பெண்ணுக்கு இல்லையா? அவள் சிரித்த காட்சி எந்த ஆவணத்தில் இருக்கிறது?

இறந்தவரைப் பற்றி எதைச் சொன்னாலும் அவதூறு வழக்கு வராது என்று ஓர் இயக்குநர் என்னிடம் வாதாடினார். வரும். உறவினர் மனத்தைப் புண்படுத்தும் நோக்கத்தோடு இறந்தவர்மேல் பழி சொன்னால் அதுவும் அவதூறே. பழைய தண்டனைச் சட்டம் 499இன் விளக்கம் அது. இப்போது நியாய சன்ஹிதாவின் பிரிவு 356இல் இருக்கிறது. நோக்கத்தை நிரூபிப்பது கடினம் என்பதும் உண்மை. அதை நம்பித்தான் பலர் எழுதுகிறார்கள்.

பிரிட்டனில் ஆஃப்காம் என்ற ஒளிபரப்பு ஒழுங்காணையத்தின் விதித்தொகுப்பில் 8.19 என்று ஒரு பத்தி இருக்கிறது. குற்றம் போன்ற கடந்தகாலத் துயரங்களைப் பற்றி நிகழ்ச்சி எடுத்தால், இயன்ற வரை உயிர் பிழைத்தவருக்கும் நெருங்கிய குடும்பத்துக்கும் திட்டத்தையும் ஒளிபரப்பையும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். அந்தச் சம்பவம் ஏற்கெனவே ஊரறிந்ததாக இருந்தாலும் தெரிவிக்க வேண்டும். நாடகமாக்கினாலும் இது பொருந்தும். நம்முடைய கேபிள் விதிகளில் ஆபாசம், அவதூறு, நீதிமன்ற அவமதிப்பு எல்லாவற்றுக்கும் தடை இருக்கிறது. வீட்டுக்காரர்களிடம் ஒரு வார்த்தை சொல் என்று ஒரு வரி இல்லை. அந்த வரி வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருப்பேன்.

அவசரமும் ஒரு நோய். ஒரே குடும்பத்தைச் சுற்றி நடந்த தொடர் கொலைகள் பற்றியது கேரளத்தின் கூடத்தாயி வழக்கு. அதில் கைது நடந்தது 2019 அக்டோபரில். 2020 ஜனவரியில் அதன் சீரியல் ஒளிபரப்பில் இருந்தது. உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டுத்தான் நிறுத்த வேண்டியிருந்தது. சாட்சிகள் கூண்டில் ஏறுமுன் அவர்கள் சொல்லப்போவதை நடிகர்கள் சொல்லிவிட்டால், குறுக்கு விசாரணையில் என்ன நடக்கும் என்று வழக்கு நடத்துகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

எழுதுகிறவர்களே, விசாரணை முடியும் வரை தொடாதீர்கள். மேல்முறையீடு நிலுவையில் இருக்கிறதா என்று பாருங்கள். பெயரோடு ஊர், தொழில், வீடு, உடை, நாள் எல்லாவற்றையும் மாற்றுங்கள். மாற்ற முடியாது, அதுதான் கதை என்றால் குடும்பத்திடம் போங்கள். ஒருவர் நேரில் போங்கள், வாட்ஸ்அப்பில் சொல்லாதீர்கள். அவர்கள் வேண்டாம் என்றால் வேறு கதையை எடுங்கள், நாட்டில் கதைக்குப் பஞ்சமில்லை. கொலைக்குக் காரணம் என்று தீர்ப்பு எதைச் சொல்கிறதோ அதற்கு மேல் ஒரு காரணத்தைக் கண்டுபிடிக்காதீர்கள். கத்தி எத்தனை முறை இறங்கியது என்பது பிரேதப் பரிசோதனை அறிக்கைக்கு வேண்டும், நம் வரவேற்பறைக்கு வேண்டாம். ஒளிபரப்பும் தேதியையாவது சொல்லிவிடுங்கள். அன்று அந்த அம்மா டிவியை அணைத்து வைத்துக்கொள்வார்.

குடும்பங்களிடம் ஒரு வேண்டுகோள். வருத்தத்தில் நாட்களை விட்டுவிடாதீர்கள். ஒளிபரப்பின் பதிவைச் சேனல் 90 நாள்தான் வைத்திருக்கும். நீங்களும் ஒரு நகல் எடுத்து வையுங்கள். நீங்களே பார்க்க வேண்டியதில்லை, நம்பகமான ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். சேனலுக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 24 மணி நேரத்தில் ஒப்புகையும் 15 நாளில் முடிவும் தர வேண்டும் என்று 2021இல் திருத்திய கேபிள் விதிகள் சொல்கின்றன. ஓடிடி தளங்களுக்கும் இதே கெடு உண்டு.

பெரியவர் பணம் கேட்கவில்லை. காதல் காட்சியை எடுத்துவிட வேண்டும், அது பொய் என்று அதே நேரத்தில் அதே சேனலில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்பது. அப்படியே எழுதி அனுப்பியிருக்கிறேன். வருகிற வெள்ளிக்கிழமையோடு 15 நாள் முடிகிறது.