வலி போனாலும் ஜவ்வு இன்னும் ஜவ்வாகவில்லை

கபடி ஆடும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "முட்டி ஜவ்வு கிழிந்து ஆபரேஷன் செய்து 4 மாதம் ஆகிறது. வலியே இல்லை. டாக்டர் இன்னும் ஆடக் கூடாது என்கிறார். ஏன்?"

அவர் சொல்லும் ஜவ்வு, ஏ.சி.எல். எனப்படும் முன் சிலுவைத் தசைநார். தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் மூட்டுக்குள் குறுக்காகக் கட்டியிருக்கும், சுமார் 3 சென்டிமீட்டர் நீளம். ஓடிவந்து சட்டென்று திரும்பும்போது அறுகிறது.

முட்டியின் உள்பக்கவாட்டு ஜவ்வு கிழிந்தால் பெரும்பாலும் தானே கூடிவிடும். ஏ.சி.எல். அப்படிக் கூடுவது அரிது. கிழிந்த முனைகளுக்கு நடுவே ரத்தம் உறைந்து பாலம் போட்டால்தான் ஆறும். மூட்டு நீர் அந்த உறைவைக் கரைத்துவிடுகிறது. எண்ணெய் போட்டு உருவினால் ஒட்டிக்கொள்ளும் என்பவர்களை நம்பாதீர்கள். வீக்கம் வடிந்ததைக் குணமென்று நினைத்துக் களமிறங்கி, முட்டிக்குள் மெத்தைபோல இருக்கும் மெனிஸ்கஸ் குருத்தெலும்பையும் கிழித்துக்கொள்ளும் பிள்ளைகளை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

ஆபரேஷனில், பெரும்பாலும் தொடையின் பின்புறத் தசைநாணை எடுத்து, எலும்பில் துளையிட்டுப் பொருத்துகிறார்கள். அதற்குப் பிறகு உள்ளே நடப்பது எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

வெட்டி எடுத்த நாணுக்கு ரத்த ஓட்டம் கிடையாது. சில வாரங்களில் அதன் செல்கள் செத்துப்போகின்றன. கொலாஜன் என்னும் புரத இழைகள் மட்டும் மிஞ்சும். பிறகு மூட்டின் உள்படலத்திலிருந்து மெல்லிய ரத்தக்குழாய்கள் அதன்மேல் கொடிபோலப் படர்கின்றன. கூடவே புதுச் செல்கள் குடியேறி, பழைய இழைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துப்போட்டு, இழுவை விழும் திசையிலேயே புது இழை பின்னுகின்றன. தசையை எலும்போடு பிணைத்த நாண், எலும்பை எலும்போடு கட்டும் ஜவ்வாக மாறுகிறது!

கூரையைப் பிரித்து வேயும்போது வீடு எப்படியிருக்கும்? அப்படித்தான், 2, 3 மாதத்தில் அந்த நாண் பொருத்திய நாளைவிடப் பலவீனமாக இருக்கிறது. வலியும் வீக்கமும் அடங்கி, கால் நன்றாகிவிட்டதாகத் தோன்றுவதும் அப்போதுதான். வேய்ந்து முடிய ஓராண்டுக்கு மேலும் ஆகும்.

2023 அக்டோபர் 17 அன்று உருகுவேக்கு எதிராக ஆடியபோது ஜவ்வு கிழிந்த பிரேசில் கால்பந்து வீரர் நெய்மார், 2024 அக்டோபர் 21-ல்தான் மறுபடி ஆடினார். எவ்வளவு பணமிருந்தும் அந்தச் செல்களை விரட்ட முடியவில்லை. நார்வே ஆய்வாளர்கள் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், 9 மாதம்வரை ஆட்டத்தைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாயம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

தம்பி, இன்னும் 5 மாதம் தொடைப் பயிற்சியை விடாமல் செய்யுங்கள். பிறகு பிசியோ முன்னால் ஒற்றைக் காலில் தாவிக் காட்டுங்கள். நல்ல கால் தாவும் தூரத்தில் 90 சதவீதமாவது இந்தக் காலும் தாவ வேண்டும். அதற்கப்புறம் கபடியைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.