ஒளியை நெருக்கிப் பிடிக்க உலோகம் கேட்கும் கூலி

சிமுலேஷன் வரைபடத்தில் ஊசிமுனை போல நிற்கும் ஒத்ததிர்வு (குறிப்பிட்ட அலைநீளத்தில் ஒளி அமைப்புக்குள் வலுவாகத் தங்குவது), அளந்து பார்த்தால் அகலமான மேடாகப் படுத்திருக்கும். ஒளி எங்கோ இழக்கப்படுகிறது என்பதற்கு அது அடையாளம். உலோகமும் மின்கடவாப் பொருளும் (கண்ணாடி, சிலிக்கான் போன்றவை) சேர்ந்த நானோ ஒளியமைப்புகளைச் செய்கிறவர்களுக்கு இது பழகிய காட்சி. உடனே எல்லோரும் பக்கச்சுவரின் சொரசொரப்பைச் சந்தேகிப்பார்கள். ஒருமுறை நாங்களும் அப்படித்தான் செதுக்கும் முறையை வாரக்கணக்கில் மாற்றி மாற்றிப் பார்த்தோம். கடைசியில் பார்த்தால், கண்ணாடியில் தங்கம் ஒட்டுவதற்காகப் பூசிய 5 நானோமீட்டர் குரோமியம்தான் காரணம். இவ்வளவு மெல்லிய படலம் என்ன செய்துவிடும் என்று அதைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. ஒளி உலோகத்துக்குள் இறங்குவதே 20, 30 நானோமீட்டர்தான். அதில் புலம் மிக வலுவாக இருக்கும் முதல் 5 நானோமீட்டரில், தங்கத்தைவிட அதிகமாக ஒளியை விழுங்கும் குரோமியம் உட்கார்ந்திருந்தது.

இழப்பு எங்கிருந்து வருகிறது? சாதாரண மின்கடவாப் பொருளில் ஆற்றல் மின்புலத்துக்கும் காந்தப்புலத்துக்கும் இடையே மாறி மாறி ஓடுகிறது. அலைநீளத்தைவிட மிகச் சிறிய இடத்தில் ஒளியை அடைத்தால், காந்தப்புலத்தால் தன் பங்கைத் தாங்க முடியாது. மீதியை உலோகத்தின் எலக்ட்ரான்கள் இயக்க ஆற்றலாகச் சுமக்கின்றன. அவை சில பத்து ஃபெம்டோ வினாடிகளுக்குள் (ஒரு ஃபெம்டோ வினாடி என்பது வினாடியில் ஆயிரம் லட்சம் கோடியில் ஒரு பங்கு) மோதிக்கொள்ள, அந்த ஆற்றல் வெப்பமாகிவிடும். அதனால் இறுக்கத்தையும் இழப்பையும் தனித்தனியாகப் பேசவே கூடாது என்பது என் கருத்து. இறுக்கத்தை மட்டும் சொல்லும் வரைபடம் பாதிக் கதைதான்.

கலப்பு அமைப்பு இந்தக் கூலியைக் குறைக்கிறது, ஒழிப்பதில்லை. சிலிக்கானுக்கும் உலோகத்துக்கும் நடுவே சில நானோமீட்டர் சிலிக்கா (சிலிக்கான் ஆக்சைடு) இருந்தால், எல்லைப் பரப்புக்குச் செங்குத்தான மின்புலம் அந்த இடுக்கில் சிலிக்கானில் இருப்பதைப்போல ஏறத்தாழ 6 மடங்காகும். ஒளி அந்த இடுக்கிலேயே திரள்வதால் உலோகத்துக்குள் போகும் பங்கு குறைகிறது. இந்த வடிவத்தை கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், பெர்க்லியின் ஷியாங் ஜாங் ஆய்வுக் குழு 2008-இல் முன்வைத்தது. மறு ஆண்டே வெள்ளிமேல் 5 நானோமீட்டர் மக்னீசியம் ஃபுளோரைடு, அதன்மேல் காட்மியம் சல்பைடு இழை வைத்து லேசரும் செய்து காட்டியது. இடுக்கைக் குறைக்கக் குறைக்க இறுக்கம் கூடும். கூடவே இழப்பும் ஏறும்.

அப்புறம், எந்த எண்களைக் கணக்கில் போடுகிறீர்கள் என்று பாருங்கள். 1550 நானோமீட்டர் அலைநீளத்தில் வெள்ளியின் மின்கடவு எண்ணுக்கு, பலரும் எடுத்தாளும் ஜான்சன்–கிறிஸ்டி அளவீட்டு அட்டவணை தரும் கற்பனைப் பகுதியும் (உலோகம் ஒளியை எவ்வளவு விழுங்கும் என்பதைச் சொல்வது) பாலிக் கையேடு தருவதும் இரண்டு மடங்குக்கு மேல் வேறுபடும். உங்கள் படலம் இரண்டையும்போல இல்லாமல் போகலாம். படலம் பூசும்போதே பக்கத்தில் ஒரு வெறும் சிலிக்கான் துண்டை வைத்து, அதில் படிந்த படலத்தை எலிப்சோமீட்டரில் (தெறிக்கும் ஒளியின் முனைவாக்க மாற்றத்தை வைத்துப் படலத்தின் ஒளியியல் எண்களைக் கண்டறியும் கருவி) அளந்துவிடுங்கள். வெள்ளியென்றால் அன்றைக்கே அளப்பது நல்லது, காற்றிலுள்ள கந்தகம் அதைக் கறுக்க வைத்துவிடும். செய்வது அலைவழி (ஒளியை ஒரு பாதையில் கொண்டுசெல்லும் அமைப்பு) என்றால் நீளத்தை மட்டும் மாற்றி நாலைந்து செய்யுங்கள். நீளத்தோடு ஏறுவது வழியில் போகும் இழப்பு; நீளம் பூஜ்யமானாலும் மிஞ்சுவது ஒளியை உள்ளே செலுத்தும்போதும் வெளியே எடுக்கும்போதும் போனது.