பச்சை மை வட்டம் போட்ட 2.2

காலை எட்டு மணிக்குக் கிளினிக்கைத் திறக்க வந்தபோது அவர் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். வயது 52. ஒரு காலத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர், இப்போது செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். “காத்து அடைச்சிருக்கு டாக்டரம்மா, ஒரு ஊசி போட்டா போயிடும்” என்றார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அன்று மழையும் இல்லை, வெயிலும் ஏறவில்லை. இசிஜி எடுத்துப் பார்த்தால் மாரடைப்பு. ஆஸ்பிரினைக் கடித்து மெல்லச் சொல்லி, 999 அவசர எண்ணுக்கு அடித்து, ஈப்போ மருத்துவமனைக்கு அனுப்பினோம். பிழைத்துக்கொண்டார்.

ஆம்புலன்சுக்குக் காத்திருந்த நேரத்தில் அவர் மனைவி கைப்பையிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். எட்டு மாதத்துக்கு முன் கோயில் மண்டபத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனை. எச்.டி.எல். 2.2 என்ற இடத்தில் மகள் பச்சை மையால் வட்டம் போட்டு, பக்கத்தில் ‘நல்ல கொழுப்பு, சூப்பர்’ என்று எழுதியிருந்தாள். “நல்ல கொழுப்புதான் இவ்ளோ இருக்கே டாக்டர், அப்புறம் எப்படி?” என்று அந்த அம்மா கேட்டார்.

அதே தாளில் அடுத்த வரியில் கெட்ட கொழுப்பான எல்.டி.எல். 6.0, மிகவும் கூடுதல் (இங்கே எல்லா எண்ணும் லிட்டருக்கு மில்லிமோல் கணக்கு). அதற்கு யாரும் வட்டம் போடவில்லை.

மலேசியாவில், ஈப்போவுக்குப் பக்கத்திலுள்ள சுங்கை சிப்புட்டில் நான் கிளினிக் வைத்து பதினேழு வருடம் ஆகிறது. நல்ல கொழுப்பை நம்பிக் கொழுப்பு மாத்திரையை நிறுத்திவிட்டு நெஞ்சு வலியோடு வந்தவர்களில் இந்த ஆண்டு இவர் நான்காவது ஆள். நேரில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

அரசு கிளினிக்கில் கொடுத்த கொழுப்பு மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு வந்தவர்தான் இவர். குலை அதிகமாக விழும் மாதங்களில் லீவு கிடைக்காமல், மாத்திரை வாங்கப் போகவில்லை. அந்த நேரம் பார்த்து இந்தத் தாள் கைக்கு வந்தது. மொத்தக் கொழுப்பு 8.8 என்று நட்சத்திரக் குறி போட்டு வந்திருந்தது. அதற்கும் வீட்டில் ஒரு விளக்கம் வைத்திருந்தார்கள். நல்ல கொழுப்பு கூடுதலாக இருப்பதால்தான் மொத்தமும் கூடுதலாம். ‘நம்ம வம்சத்துக்கே நல்ல கொழுப்பு ஜாஸ்தி’ என்று அக்காவும் சொல்லிவிட்டார். மாத்திரை அதோடு நின்றது.

அக்கா சொன்னதில் வம்சம் என்ற பகுதி சரி. ஆளுக்கு ஆள் எச்.டி.எல். மாறுபடுவதில் ஏறக்குறைய பாதி பரம்பரையால் வருவது. இரட்டைப் பிள்ளைகளையும் குடும்பங்களையும் வைத்துப் பார்த்த ஆய்வுகள் 40 முதல் 60 விழுக்காடு என்று சொல்கின்றன. ஒரே ஒரு மரபணுவின் வேலையும் இல்லை இது. பல மரபணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டும், குறைக்கும். தவறு எங்கே என்றால், பரம்பரையாகக் கூடுதலாக வந்துவிட்டால் இதயத்துக்குக் காவல் என்று நினைப்பதில்தான்.

எச்.டி.எல். என்பது ஒரு லோரி மாதிரி. ரத்தக்குழாய்ச் சுவரில் தேங்கும் கொழுப்பை ஏற்றிக்கொண்டு போய்க் கல்லீரலில் இறக்க வேண்டும். நீங்கள் எடுக்கும் பரிசோதனை, ரத்தத்தில் இந்த லோரிகளின் மேல் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்று மட்டும் சொல்லும். எத்தனை நடை அடித்தது என்று சொல்லாது. நம் ஊர் ஆலை வாசலில் சில நாள் முப்பது நாற்பது லோரி வரிசையாக நிற்கும். பார்க்கிறவர் ‘அடேங்கப்பா, எவ்வளவு வேலை நடக்கிறது’ என்று நினைக்கலாம். உள்ளே இயந்திரம் பழுதாகி, குலையை இறக்க முடியாமல் நிற்கின்றன என்று டிரைவரைக் கேட்டால் தெரியும்.

மனித உடலிலும் இது அப்படியே நடக்கிறது. கல்லீரலில் எச்.டி.எல்.லிடமிருந்து கொழுப்பை இறக்கிக்கொள்ளும் ஒரு புரதம் உண்டு. அதை உண்டாக்கும் மரபணு ஸ்கார்ப்1. அதில் ஒரு குறிப்பிட்ட பிழையோடு பிறந்தவர்களுக்கு எச்.டி.எல். மிக அதிகமாக இருக்கிறது, ஆனால் இதயநோயும் அதிகம் வருகிறது என்று 2016இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. ஏற்றும் இடத்திலும் பழுது வரலாம். அமெரிக்காவின் வர்ஜீனியா கரையோரம் டாஞ்சியர் என்று ஒரு சின்னத் தீவு. அங்கே ஒரு சிறுவனுடைய டான்சில் ஆரஞ்சு நிறத்தில் இருந்ததைப் பார்த்து, அவனுக்கு எச்.டி.எல். கிட்டத்தட்ட இல்லவே இல்லை என்று 1961 வாக்கில் கண்டுபிடித்தார்கள். கொழுப்பை எச்.டி.எல்.லில் ஏற்றிவிடும் ஏபிசிஏ1 என்ற மரபணுவில்தான் கோளாறு என்பது 1999இல் தெரிந்தது.

இத்தாலியில் கார்டா ஏரிக்கரையில் லிமோனே என்ற கிராமம். ஒரே மூதாதை வழியாக வந்த குடும்பங்களில் பலருக்கு எச்.டி.எல். குறைவு. அதற்கேற்ப மாரடைப்பு கூடியிருக்க வேண்டுமே? கூடவில்லை. நான் மருத்துவம் படித்த காலத்தில் ‘எச்.டி.எல். ஏறினால் நல்லது’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். லிமோனேயைப் பற்றிப் பிற்பாடு படித்தபோது அந்த ஒரு வரியை நானும் நோயாளிகளிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று வருத்தமாக இருந்தது.

மாத்திரையால் ஏற்றிப் பார்த்தார்களா என்று கேட்பீர்கள். பார்த்தார்கள். 15,000 பேரை வைத்து ஒரு மருந்தைச் சோதித்தார்கள். எச்.டி.எல். 70 விழுக்காட்டுக்கு மேல் ஏறியது, இறப்பும் கூடியது. 2006 டிசம்பரில் சோதனையை நிறுத்திவிட்டார்கள். எச்.டி.எல். கூடுதலாக இருக்கும்படியான ஒரு மரபணு மாற்றத்தோடு பிறந்தவர்களுக்கும் மாரடைப்பு குறையவில்லை என்று 2012இல் இன்னோர் ஆய்வு சொன்னது. எல்.டி.எல். குறைவாக இருக்கும்படி பிறந்தவர்கள் கதை வேறு. அவர்களுக்கு மாரடைப்பு தெளிவாகக் குறைகிறது. ஆக, எந்த எண்ணை நாம் துரத்த வேண்டும் என்பதற்கு இயற்கையே பதில் வைத்திருக்கிறது.

‘தண்ணி போட்டா நல்ல கொழுப்பு ஏறுமாமே டாக்டர்’ என்று கேட்கும் அண்ணன்மாருக்கு: ஏறும். அந்த ஏற்றத்தால் உங்கள் இதயத்துக்கு ஒரு பாதுகாப்பும் இல்லை. சம்சு என்ற மலிவுச் சாராயமும் பீரும் கல்லீரலைத் தின்றுவிட்டுப் போகும். 2.0க்கு மேல் எச்.டி.எல். பார்த்தால் நான் முதலில் குடிப்பழக்கத்தைத்தான் விசாரிப்பேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. நம் ஆட்களில் நிறையப் பேருக்கு எச்.டி.எல். குறைவு. ஆண்களுக்கு 1.0க்குக் கீழே என்றால் குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். போன மாதம் ஓர் அக்கா 0.8 என்ற தாளோடு வந்தார். அதை ஏற்றுவதற்கு மாதம் 180 வெள்ளிக்கு மீன் எண்ணெய் வாங்கிச் சாப்பிடுகிறாராம். ரத்தத்தில் இருக்கும் இன்னொரு வகைக் கொழுப்பான டிரைகிளிசரைடு அவருக்கு 3.4, அதுவும் கூடுதல். சர்க்கரை இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. வீட்டில் அண்ணன், தம்பி, அம்மா எல்லோருக்கும் அதே கதை. பரம்பரையில் வந்த குறைவின் மேல் இடுப்புச் சதையும் சர்க்கரையும் ஏறி உட்கார்ந்திருக்கிறது. 0.8ஐ மட்டும் பிடித்துத் தூக்கப் பார்த்தால் ஒன்றும் நடக்காது. அக்கா, அந்த 180 வெள்ளிக்கு மீனும் காய்கறியும் வாங்குங்கள், மூன்று வேளைத் தே தாரிக்கை, அந்த இனிப்புப் பால் தேநீரை, விடுங்கள், சாயங்காலம் தோட்டத்துச் சாலையில் நடங்கள் என்றேன். நடந்தால், சிகரெட்டை விட்டால், எச்.டி.எல். கொஞ்சம்தான் ஏறும். டிரைகிளிசரைடும் சர்க்கரையும் இடுப்புச் சதையும் இறங்கும். நமக்கு வேண்டியது அதுதான்.

சரி, தாள் கைக்கு வந்தால் என்ன செய்வது? மொத்தக் கொழுப்பிலிருந்து எச்.டி.எல்.லைக் கழியுங்கள். லோரிக்காரருக்கு 8.8இல் 2.2 போனால் 6.6. ரத்தக்குழாயை அடைக்கக்கூடியது அவ்வளவு. கீழே ரேஷியோ என்று, மொத்தக் கொழுப்பை எச்.டி.எல்.லால் வகுத்த ஒரு வரி இருக்குமே, அதில் இவருக்கு 4.0 என்று நட்சத்திரம் இல்லாமல் வந்திருந்தது. தயவுசெய்து அதைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். மாத்திரையை நிறுத்துவதாக இருந்தால் எழுதிக்கொடுத்தவரைக் கேட்டு நிறுத்துங்கள். சாப்பிட்டால் உடம்பு வலிக்கிறது என்றால் அதையும் வந்து சொல்லுங்கள், மாற்றித் தர வழி இருக்கிறது. நெஞ்சு அடைத்தால், வியர்த்தால், மோட்டாரை எடுத்துக்கொண்டு என்னைத் தேடி வராதீர்கள். 999க்கு அடியுங்கள்.

இன்னொன்று: அப்பாவோ அண்ணன் தம்பியோ 55 வயதுக்கு முன், அம்மாவோ அக்கா தங்கையோ 65க்கு முன் இதயநோய் கண்டிருந்தால், அதை டாக்டரிடம் சொல்லுங்கள். கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். இந்த லோரிக்காரரின் அப்பா 49 வயதில் காலையில் பால் வெட்டப் போன இடத்திலேயே விழுந்து இறந்தவர். ‘காத்து கருப்பு அடிச்சிருச்சு’ என்று லயத்தில் பேசிக்கொண்டார்களாம். எந்தக் கிளினிக் அட்டையிலும் அது ஏறவில்லை. எல்.டி.எல். 6.0ஐயும் அந்த 49ஐயும் சேர்த்துப் பார்த்தால், குடும்பத்தில் இறங்கிவரும் கெட்ட கொழுப்பு நோயாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

பச்சை வட்டம் போட்ட மகளுக்குப் போன வாரம் ரத்தம் எடுத்தோம். வயது 24. எச்.டி.எல். 1.9, எல்.டி.எல். 5.3. தாளைக் கையில் வாங்கியதும் இந்த முறை அவள் கண் நேராக இரண்டாவது எண்ணுக்குத்தான் போனது. தம்பி ஜொகூரில் வேலை செய்கிறான், தீபாவளிக்கு வருகிறான். வந்ததும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.