பிளாஸ்மா: ரத்தப் பையிலும் ட்யூப்லைட்டிலும் ஒரே பெயர் ஏன்?

தண்டையார்பேட்டையில் எங்கள் கீழ்வீட்டுப் பெண் பதினொன்றாவது படிக்கிறாள். போன மாதம் அவள் தாத்தாவுக்கு ஆஸ்பத்திரியில் பிளாஸ்மா ஏற்றினார்கள். கல் மாதிரி உறைந்து வந்த பையை இளக்கியதும் உள்ளே வைக்கோல் நிறத்தில் தண்ணீர் போல ஒன்று தளும்பியிருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் நேரே என்னிடம் வந்தாள். "அண்ணா, பிசிக்ஸ் புக்குல பிளாஸ்மான்னா சூரியன்ல இருக்குன்னு போட்டிருக்கான். இங்க பையில இருக்கு. ரெண்டும் ஒண்ணா?"

பொருள் ஒன்றில்லை. பெயர் மட்டும் ஒன்றாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது, அது நோய்க்கிருமி வழியாக வருகிறது.

வேர் கிரேக்கம். 'பிளாஸ்ஸைன்' என்றால் பிசைந்து உருக்கொடுப்பது, நம் குயவர்கள் பானை வனைகிறார்களே, அந்த வனைதல்தான். அப்படி வனையப்பட்டது பிளாஸ்மா. பிளாஸ்டிக், பிளாஸ்டர் எல்லாம் இதே குடும்பம். 1839இல் புர்கின்யே என்ற செக் நாட்டு அறிவியலாளர் உயிரணுவுக்குள் இருக்கும் கூழ்ப்பொருளைப் 'புரோட்டோபிளாஸ்மா' என்றார். அந்த நூற்றாண்டிலேயே ரத்தத்தில் சிவப்பணு, வெள்ளையணு போன்ற உயிரணுக்கள் போக மிஞ்சும் நீருக்கும் பிளாஸ்மா என்ற பெயர் நிலைத்துவிட்டது. ரத்தத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேல், சுமார் 55 சதவீதம், இதுதான். அதிலும் பத்தில் ஒன்பது பங்கு வெறும் தண்ணீர்.

இதே வேரில் பிறந்த இன்னொரு பெயர் வடசென்னைக்காரர்களுக்கு நன்றாகவே தெரியும். மலேரியாக் காய்ச்சல் வந்தால் டெஸ்ட் ரிப்போர்ட்டில் வருமே, பிளாஸ்மோடியம் வைவாக்ஸ், அதுதான். முதலில் அது ஒருவகைச் சளிப்பூஞ்சையின் உருவமில்லாத கூழ் உடலுக்கு வைத்த பெயர். 1885இல் மார்க்கியாஃபாவா, செல்லி என்ற இரண்டு இத்தாலியர்கள் மலேரியா ஒட்டுண்ணிக்கு அதைச் சூட்டினார்கள். மொட்டைமாடித் தொட்டியை மூடி வை, மூடி வை என்று வீடு வீடாக வந்து சொல்லிவிட்டுப் போகிறார்களே, அது சும்மா இல்லை. அந்தத் தெளிந்த தண்ணீரில்தான் இந்த ஒட்டுண்ணியைச் சுமக்கும் அனாஃபிலிஸ் ஸ்டீஃபன்சி கொசு முட்டையிடுகிறது.

கொசு எப்படி நோயைக் கடத்துகிறது என்பதை முழுச் சுற்றாகக் காட்டியது பறவைகளை வைத்துத்தான். ரொனால்ட் ராஸ் 1898இல் கல்கத்தாவில், நோயுள்ள பறவையைக் கடித்த கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பி வரைக்கும் ஒட்டுண்ணியைத் தொடர்ந்து போய்ப் பார்த்தார், பிறகு அந்தக் கொசுக்களை நல்ல பறவைகளைக் கடிக்க விட்டு அவற்றுக்கும் நோய் வருவதைக் காட்டினார். 1932இல் அதே கல்கத்தாவில் நோல்ஸும் தாஸ்குப்தாவும் குரங்கு மலேரியா மனிதருக்கும் தொற்றும் என்று காட்டினார்கள், ஆனால் ரத்தத்தை ஊசியால் செலுத்தி. காட்டில் தானாகவே அப்படித் தொற்றுவது பின்னாளில் மலேசியாவில் பெரிய அளவில் தெரியவந்தது.

இப்போது இயற்பியலுக்கு வருவோம். அமெரிக்காவில் இர்விங் லாங்மியூர் கண்ணாடிக் குழாய்க்குள் வாயுவை அடைத்து மின்சாரம் பாய்ச்சி ஆராய்ந்துகொண்டிருந்தார். உள்ளே எலெக்ட்ரான்களும், எலெக்ட்ரானை இழந்த அணுக்களான அயனிகளும் கலந்து ஓடும் அந்தப் பகுதிக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. ரத்தத்தின் பிளாஸ்மா சிவப்பணுக்களையும் வெள்ளையணுக்களையும் கிருமிகளையும் சுமந்து செல்வதுபோல இதுவும் துகள்களைச் சுமக்கிறது என்று அவருக்குத் தோன்றியது, அதனால் வைத்த பெயர் என்று கூட வேலை செய்த மாட்ஸ்மித் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். 1928இல் அச்சில் வந்தது. இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். காய்ச்சல்காரர் உடம்பில் சிவப்பணு வெடித்து ஒட்டுண்ணிகள் அடுத்த சிவப்பணுவைத் தேடிப் போவது ரத்தத்தின் பிளாஸ்மா வழியாகத்தான், இந்தக் குழாயிலும் சூரியனிலும் இருப்பதற்குப் பெயர் கொடுத்ததும் அந்த நீர்தான்.

ஒன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. கிளர்வுற்ற அணு வேறு, அயனியான அணு வேறு. ட்யூப்லைட்டுக்குள் ஓடும் எலெக்ட்ரான் பாதரச அணுவை இடித்தால், அணுவுக்குள் இருக்கும் எலெக்ட்ரான் ஒரு படி மேலே ஏறி உடனே இறங்குகிறது. இறங்கும்போது புற ஊதா ஒளி வரும், குழாயின் உட்புறம் பூசியிருக்கும் வெள்ளைப் பொடி அதை நாம் பார்க்கும் வெளிச்சமாக்கும். இது கிளர்வு. இடி பலமாக விழுந்து எலெக்ட்ரான் பிய்த்துக்கொண்டு வெளியே போய்விட்டால் அது அயனி. இப்படிப் பிய்ந்தவை போதுமான அளவு சேர்ந்தால்தான் பிளாஸ்மா. காசிமேட்டில் படகுக்கு வெல்டிங் வைக்கும்போது கம்பி நுனியில் கண் கூசுகிறதே, அந்த வில்லும் பிளாஸ்மாதான். எத்தனை டிகிரி சூட்டில் எவ்வளவு அணு அயனியாகும் என்று கணக்குப் போடச் சமன்பாடு தந்தவர் நம் மேகநாத் சாகா, 1920இல்.

சரி, தமிழில் என்ன சொல்வது? வேர்ப்பொருளைப் பிடித்து 'வனைவு' என்று வைத்தால் ரத்தத்துக்கும் பொருந்தாது, வாயுவுக்கும் பொருந்தாது. இரண்டுக்குமே சொந்த உருவம் கிடையாது. பிளாஸ்டிக்கை 'நெகிழி' என்றபோது நாம் வேரைப் பார்க்கவில்லை, பொருளின் குணத்தைப் பார்த்தோம், அந்தச் சொல் பஸ் ஸ்டாண்டு போர்டு வரைக்கும் வந்துவிட்டது. அதே வழியில் போகலாம். ரத்தத்தில் இருப்பதற்குக் 'குருதி நீர்மம்' நல்ல சொல். இலங்கையில் 'குருதித் திரவவிழையம்' என்பார்கள், சரியான சொல்தான், வாயில் கொஞ்சம் சிக்கும். இயற்பியலுக்கு 'அயனிமம்'. திண்மம், நீர்மம், வளிமம், அயனிமம் என்று வரிசையில் நான்காவதாக அழகாக உட்காருகிறது. அயனி கிரேக்கச் சொல்தானே என்று சண்டைக்கு வருவார்கள், வரட்டும், அது நம் பாடப்புத்தகத்தில் வேரூன்றிப் பல வருடம் ஆகிறது. பிளாஸ்மோடியத்தை மட்டும் தொட வேண்டாம், அது உயிரியல் பெயர், உலகம் முழுக்க அப்படியே எழுத வேண்டும். பேச்சுக்கு மலேரியா ஒட்டுண்ணி என்றால் போதும்.

அந்தப் பெண் நோட்டில் 'குருதி நீர்மம், அயனிமம்' என்று இரண்டு சொல்லையும் எழுதிக்கொண்டாள். நடுவில் ஒரு கோடு போட்டு, அதன் மேல் சின்னதாக 'கிருமி' என்று எழுதியிருந்தாள்.